பொன்னேரி ஸ்டேஷனில் எண்ணிய மூச்சு

காலை ஆறு மணிக்குத் திருவள்ளூரில் ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் என் தங்கச்சி குடியிருக்கிறாள். அவள் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. டிக்கெட் ஒரு ரூபாய் ஏழணா. துணைக்கு வருகிறேன் என்றவர்களை வேண்டாம் என்றேன். அஞ்சு பிள்ளை பெற்று அஞ்சையும் ஆளாக்கினவளுக்கு ஒரு ரயில் மாறத் தெரியாதா? எங்கள் தெருவில் யாரும் இந்தப் பக்கம் போனதில்லை. அதனால்தான் எழுத்துக் கூட்டியாவது நானே எழுதுகிறேன்.

எட்டரைக்குப் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினேன். எண்ணூர் தாண்டினதும் உப்பு குவியல் குவியலாக வெயிலில் மின்னுகிறது. அம்மாடி, கண்ணை எடுக்க முடியவில்லை! அரையணாவுக்கு மசால்வடை வாங்கித் தின்றுகொண்டே பார்த்தேன்.

எதிர்ப் பலகையில் முனியம்மா என்று ஒரு பெண். மடியில் எட்டு மாசத்து ஆண் குழந்தை தூங்குகிறது. அவள் பக்கத்தில் வெள்ளைப் புடவை கட்டி, மார்பில் கடிகாரம் குத்தின நர்சம்மா. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் வேலையாம். அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“எத்தினி நாளா இப்படி மூச்சு வாங்குது?”

“சளிதாம்மா. நாளைக்கு இவனுக்குக் காது குத்தல். எளாவூர்ல எங்கண்ணன் பந்தல் போட்டுக்கினு காத்திருக்குது.”

நானும் சும்மா இருக்கவில்லை. “சளி புடிச்சா அப்பிடித்தான். என் புள்ளைங்க எல்லாம் இழுத்துக்கினு கெடந்து எழுந்ததுங்கதான்” என்றேன்.

“இருக்கலாம் ஆயா. ஒரு நிமிஷத்துக்கு எத்தினி மூச்சுன்னு எண்ணிட்டா தெரிஞ்சிடும். இந்த வயசுல அம்பதத் தாண்டக் கூடாது. அழாம இருக்கும்போது எண்ணணும். இப்ப தூங்கறான், நல்லதாப் போச்சு” என்று சட்டையைத் தூக்கிவிட்டுக் குனிந்தாள். உடனே முனியம்மா குழந்தையைத் தட்டி எழுப்பிவிட்டாள். வீல் என்று ஒரே அழுகை. பால் கொடுத்துத் தூங்க வைத்தாள். நர்சம்மா மறுபடி குனிந்தாள். முனியம்மா மறுபடி எழுப்பினாள்.

“இன்னாமா பேஜாரு! ஏன் எழுப்பினே இருக்கே?”

முனியம்மா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன்: “தூங்கற புள்ளைய வேத்தாள் பாத்தா கண்ணு பட்டுடும்மா. அதான்.”

ஜன்னலோரம் துணி மூட்டையோடு இருந்த பழவேற்காட்டு பாய், “நர்சம்மா கண்ணு அவ்ளோ பெருசாவா இருக்குது?” என்றார். பெட்டியே சிரித்தது. முனியம்மாவின் முகம் இன்னும் இறுகிப்போயிற்று.

எனக்கு ஒன்று தோன்றியது. “இந்தா முனியம்மா, மொகத்தப் பாத்தாதான கண்ணு? வயித்தப் பாத்தா இன்னா?” என்று முந்தானையை விரித்து, குழந்தையின் கழுத்துக்கு நேரே திரை மாதிரி தூக்கிப் பிடித்தேன். முனியம்மா திரையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள். சரி என்று தலையாட்டினாள்.

ஆனால் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் வயிறு ஆடுகிறதா, வண்டி ஆடுகிறதா என்றே தெரியவில்லை. நல்லவேளை, மெயிலுக்கு வழிவிடப் பொன்னேரியில் வண்டி நின்றது. அங்கே இறங்க வேண்டிய பாய் மூட்டையைத் தோளில் போட்டபடியே, “யாரும் சத்தம் போடாதீங்கபா! டேய் வடை, அப்பால போ!” என்று அதட்டினார்.

பெட்டி கப்சிப். நர்சம்மா ஒரு கண்ணால் கடிகாரத்தையும் ஒரு கண்ணால் வயிற்றையும் பார்க்கிறாள். நானும் மனசுக்குள் எண்ணினேன். நாற்பது ஆச்சு, ஐம்பது ஆச்சு, நிற்கக் காணோம். கை வலித்தது, முந்தானையை இறக்கவில்லை. அறுபத்தெட்டு!

“இங்க பாரும்மா, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழ குழி உழுது. வெறும் சளி இல்ல, நிமோனியா. இன்னிக்கே ஊசி போடணும்.”

“அண்ணன் ஊரையே கூப்ட்டு வெச்சிக்கீது. நான் போவலன்னா மானம் போயிடும்மா” என்று முனியம்மா அழுதாள்.

“காது அடுத்த மாசமும் இருக்கும்டி. மூச்சுக்கு நாள் பாக்க முடியாது. கும்மிடிப்பூண்டியில எறங்கு, நானும் வரேன்” என்றேன். எளாவூருக்குப் போகிற ஒருத்தர் அவள் அண்ணனிடம் தாக்கல் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

பத்தரைக்குக் கும்மிடிப்பூண்டி. என்னை அழைத்துப்போக வந்த தங்கச்சி “அக்கா!” என்று ஓடி வந்தாள். யாரோ பெற்ற பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அப்பறம் பேசலாம், மொதல்ல நர்சம்மா கூட ஆஸ்பத்திரிக்கு வாடி!” என்றேன். திகைத்துப்போனாள். போன கையோடு டாக்டர் பெனிசிலின் ஊசி போட்டார்.

சாயந்தரம் முனியம்மாவின் அண்ணன் மாட்டு வண்டியில் வந்து, “வாங்கிப் போட்ட சாமானெல்லாம் இன்னா பண்றது?” என்று வாசலிலேயே கத்தினார். உள்ளே வந்து குழந்தையின் விலாவைப் பார்த்ததும் சத்தம் நின்றுபோயிற்று. அன்று ராத்திரி அவர் ஊருக்குத் திரும்பவில்லை.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி, ராத்திரி தங்கச்சி வீடு. கும்மிடிப்பூண்டியில் நான் பார்த்தது கல்கத்தா ரோடும் அதில் போகிற லாரிகளும்தான். மூன்றாம் நாள் காலை குழந்தை தூங்கும்போது நர்சம்மா எண்ண வந்தாள். நான் பழக்கத்தில் முந்தானையை விரித்தேன்.

“வாணாம் ஆயா. மொகத்தையும் பாக்கட்டும்” என்றாள் முனியம்மா. ஆனாலும் கன்னத்தில் காலணா அகலத்துக்கு மைப்பொட்டு வைத்திருந்தாள்!

முப்பத்தெட்டு.

மறுநாள் ஊருக்குக் கிளம்பினேன். எங்கள் தெருவிலும் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் காட்டுகிறவர்கள்தான். அங்கே மூச்சு எண்ணக் கடிகாரம் யார் வீட்டில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பொன்னேரியில் வண்டி நின்று கிளம்பும்போது, பிளாட்பாரத்தில் அதே பாய். என்னைக் கண்டதும் மூட்டையோடு கூடவே ஓடி வந்தார்.

“ஆயா! இப்ப எத்தினி?”

ஜன்னலில் தலையை நீட்டி, “முப்பத்தெட்டு பாய், முப்பத்தெட்டு!” என்று கத்தினேன். அவர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

என்ன முப்பத்தெட்டு என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். பேசின் பிரிட்ஜ் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.