பிறந்தநாள் பேத்திக்கு, வாழ்த்து தாத்தாவுக்கு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை டியூஷன் முடிந்து வந்தபோது, எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டு மாடிப்படியில் கீழ்வீட்டு வங்காளி அண்ணி, நந்திதா பௌதி, உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரதா மாமி ஆர் நேய் ரே" என்றார். மாமி இனி இல்லையாம். "புரளி கிளப்புறது என் வேலை பௌதி, உங்களுக்கு எதுக்கு?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேல்மாடியில் மாமி வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. வாசல் நிறையச் செருப்பு. வங்கிக்குக் கிளம்பும் அவசரத்தில் காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்த மாமி எழுந்திருக்கவே இல்லை.

நம் தமிழ்ச் சங்க மலரைப் படிக்கும் உங்களுக்கு மாமியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பவானிபூரில் வங்கி அதிகாரி. தொண்ணூறுகளிலிருந்து நம் பொங்கல் விழா மேடையில் பட்டாபி என்ற வழுக்கைத் தலைப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் பேச வைத்தவர். மாமி வாய் திறக்காமலே ஊரைச் சிரிக்க வைத்தார். நான் வாய் திறந்தாலே ஊர் கதவைச் சாத்தும். எப்படியோ ஒட்டிக்கொண்டோம்.

ஒருமுறை பட்டாபிக்கு அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டி, லிஃப்டுக்குள் தனியாக அனுப்பிவைத்தேன். மூன்று மாடிக்காரர்கள் அலறினார்கள். எல்லோரும் திட்டி முடித்த பிறகு மாமி சொன்னார்: "பொய் சொல்லுடி, வேண்டாங்கலை. ஆனா அது பொய்னு நீயே வந்து சொல்லிடணும். அடுத்தவா கண்டுபிடிச்சா அதுக்குப் பேர் குறும்பு இல்லே."

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கிடர்பூர் துறைமுகத்தில் ஆற்றைத் தூர்வாரும் வேலைக்கு ஒரு டச்சுப் பொறியாளர் குடும்பத்தோடு வந்தார். அவர் மகள் லீஸாவின் பிறந்தநாளுக்குப் பட்டாபியை அழைத்தார்கள். அது வெறும் பிறந்தநாள் அல்ல. பொறியாளருடைய அப்பா, அவர்கள் ஊரில் கோடையில் நடக்கும் பொம்மை விழாவின் பொறுப்பாளர்; பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் அழைப்பு வரும். சங்க மேடையைத் தாண்டியிராத மாமிக்கு, ஐம்பத்து மூன்று வயதில் கிடைத்த ஒரே வாய்ப்பு.

"அவா பழக்கவழக்கம் என்னன்னு சைபர் கஃபேல பாத்து எழுதிண்டு வாடி" என்றார். எழுதினேன். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. காபியோடு ஒரு பிஸ்கட். இரண்டாவதுக்கு அவர்கள் சொன்னால்தான் கை நீட்டலாம். தற்பெருமை ஆகாது. குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார்கள், அது கோபம் அல்ல. பிறந்தநாள் என்றால் குழந்தைக்கு மட்டுமல்ல, அம்மா, அப்பா, தாத்தா என்று அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். கடைசியாக, என் சொந்தச் சரக்கு ஒன்று: நிகழ்ச்சியின்போது அவர்கள் சிரிக்கவோ கைதட்டவோ மாட்டார்கள், மௌனமே மரியாதை.

மாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "இதுல ஒண்ணு உன் கைவரிசைன்னு தெரியும்டி. பொறந்தது பேத்தி, தாத்தாவுக்கு எதுக்கு வாழ்த்து? யார்கிட்டே கதை விடறே!" வாழ்த்து வரியைச் சிவப்பு மையால் அடித்தார். மௌன வரி தப்பித்துவிட்டது. சொல்லியிருக்கலாம். அவர்கள் வீட்டு வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வாசலில் மறந்தும் போனேன்.

நான்கு மணிக்கு அழைப்பு. மூன்றே முக்காலுக்குப் போய், தெருமுனையில் பட்டாபியோடு நின்று, நான்கு அடித்ததும் மணியை அழுத்தினோம். உள்ளே நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவரும் வட்டம் சுற்றி எல்லோருடைய கையையும் குலுக்கி வாழ்த்தினார்கள். மாமி லீஸாவிடம் மட்டும் சந்தேஷ் இனிப்புப் பெட்டியைக் கொடுத்து வாழ்த்திவிட்டு நேரே போய் உட்கார்ந்தார். தாத்தா நீட்டிய கை, சற்று நேரம் அந்தரத்தில் நின்று, தன் முழங்காலுக்கே திரும்பிப் போனது.

பட்டாபி ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். ஒரு முகத்திலும் அசைவில்லை. மாமிக்கோ பரம சந்தோஷம்! எவ்வளவு மரியாதை! பத்து நிமிட நிகழ்ச்சியை இருபதாக இழுத்தார். லீஸா ரிப்பனைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். தாத்தா கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் எழுந்து போய், மாமியின் காதில் தமிழில் சொன்னேன்: "மாமி, மௌனம்தான் பொய். வாழ்த்து நிஜம். நான்தான்."

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் உதடு அசையவில்லை. பட்டாபிதான் மாமி பக்கம் திரும்பினான். "அம்மா, உனக்கு மரியாதையே தெரியாதா? வந்து இருபது நிமிஷமாச்சு, லீஸாவைத் தவிர யாரையாவது வாழ்த்தினாயா? தூக்கு என்னை!"

மாமி அவனைத் தூக்கிக்கொண்டு வட்டத்தில் நடந்தார். பட்டாபி தாத்தாவின் கையைப் பிடித்து, "உங்கள் பேத்திக்காக வாழ்த்துகள்" என்றான். லீஸாவின் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, சமையல்காரருக்கு. சோபாவுக்கடியில் படுத்திருந்த நாய்க்குக் குனிந்து சொன்னபோது, தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் பட்டாபி என்னிடம் வந்தான். "உனக்கு மட்டும் கிடையாது" என்றான். அதற்குத்தான் அன்று பெரிய கைதட்டல்.

காபியும் ஒற்றை பிஸ்கட்டும் வந்தபோது தாத்தா சொன்னார்: "முதல் இருபது நிமிடம் சலிப்பு. கடைசிப் பத்து நிமிடம் மிக நன்று. அந்தப் பத்து நிமிடத்தோடு எங்கள் ஊருக்கு வாருங்கள்."

திரும்பும் வழியில் நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். "பாரேன், மூஞ்சிக்கு நேரே சலிப்புங்கறான்" என்றார் மாமி. "நம்ம சங்கத்துல இத்தனை வருஷமா பிரமாதம், பிரமாதம்னே சொல்லிண்டிருந்தா. ஒருத்தராவது 'நீளத்தை வெட்டு மாமி'ன்னு சொல்லியிருக்கப்படாதோ?" பிறகு என் காதைத் திருகினார். "நீ கொஞ்சம் முன்னாடி வந்து சொல்லியிருக்கலாம். ஆனா வந்து சொன்னியே."

அடுத்த கோடையில் மாமி போனார். பத்தே நிமிடம் ஆடினார். எனக்கு ஒரு நாட்காட்டி வாங்கிவந்தார்; கிழமையே இல்லாத, பிறந்தநாள் மட்டும் எழுதிக்கொள்கிற நாட்காட்டி. அங்கே அதைக் கழிப்பறையில்தான் மாட்டுவார்களாம். கதை விடுகிறார் என்றேன். சத்தியம் செய்தார். எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால், அம்மா முறைக்க முறைக்க, மாட்டியிருக்கிறேன். அதில் மாமியின் கையெழுத்தில் எங்கள் கட்டிடத்தில் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. தன் பெயரை மட்டும் எழுதவில்லை. நேற்று நான் எழுதினேன்.

பட்டாபி இப்போது மாமியின் கணவரான மாமாவிடம் இருக்கிறான். அது அவருடைய உரிமை. எனக்கு அந்த நாட்காட்டியும், திருகிய காதும் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியின் பிறந்தநாள். அன்று மாலை நான்கு மணிக்கு, ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல், மாமாவிலிருந்து ஆரம்பித்து உங்கள் ஒவ்வொருவர் வீட்டு மணியையும் அடிப்பேன். இந்த முறை குறும்பு இல்லை. கதவைத் திறந்து கையை நீட்டுங்கள். சாரதா மாமி உங்களுக்கும் இருந்தாரே, அதற்காக வாழ்த்துகள்.