கதவைத் திறந்தால் நிற்க வேண்டும்

ரோஸ்லின் அக்கா மறைந்த செய்தி வந்தபோது நான் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஒன்றுக்கு அடியில் படுத்திருந்தேன். காதில் பஞ்சு, இமையில் பஞ்சு, சுற்றிலும் இரைச்சல். சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது எப்படித் தெரிந்ததோ, தெரிந்தது. வெளியே வந்து எடுத்தேன். அக்காவின் கணவர் ஜோசப் அண்ணன் பேசினார். "உங்கக்கா போயிட்டா சுப்பிரமணி" என்றார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அக்கா அலைந்த மாதங்கள் எங்களை இதற்குத் தயார்படுத்தியிருக்க வேண்டும். தயார்படுத்தவில்லை.

முதல் நாள் சாயங்காலம்கூட அக்கா போனில் பேசினார். குரல் தேய்ந்திருந்தது. "அந்த மெஷின் நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சாகக் கிடக்கிறவரிடம் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று என் மனைவி பிறகு கோபித்துக்கொண்டாள். அவளுக்கு அக்காவைத் தெரியாது. அவரிடம் ஒப்புக்குச் சொன்ன ஆமாம் எதுவும் செல்லுபடியானதில்லை.

எந்த மெஷின், அது ஏன் நிற்க வேண்டும் என்பதைச் சொன்னால்தான் அவரை அறியாதவர்களுக்கு அவர் விளங்குவார்.

சேவூர்ப் பக்கம் தோட்டவேலைக்குப் போய்ப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்கிற ஆபீஸ் வேலையாகப் பார் என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சாலிடரிங் அயனைக் கையில் எடுத்தார். பெருமாநல்லூரில் நாங்கள் இருவரும் கூட்டாக நிட்டிங் மெஷின் சர்வீஸ் கடை போட்டபோது பாகப்பிரிவினை சுலபமாக முடிந்தது. பல்சக்கரமும் பெல்ட்டும் எனக்கு, எலக்ட்ரானிக் போர்டுகள் அவருக்கு. "ஸ்பேனர் புடிக்கற கைய என்ற டேபிள் மேல வெக்காதீங்க" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் நல்வார்த்தை. கடைசிவரை அந்தச் சட்டம் அமலில் இருந்தது.

நிட்டிங் மெஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது போர்டில் உள்ள ஒரு சின்னச் சிப். அதற்கான கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் எழுதி, சிப்பில் ஏற்ற வேண்டும். இடையில் நின்று ஏற்றிக்கொடுக்கும் கருவிக்குப் புரோகிராமர் என்று பெயர். எங்களிடம் இருந்தது பழைய வகை, கம்ப்யூட்டரின் பிரிண்டர் வாயில் செருகும் ஒரு கேபிள். ஆகவே எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மேசைக் கம்ப்யூட்டரும் எங்களோடு வரும். நான் மொபெட் ஓட்ட, அக்கா பின்னால் அந்தப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். குழந்தையை ஊசி போடக் கூட்டிப் போகிறீர்களா என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

ஒருவழியாக லேப்டாப் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் அதில் பிரிண்டர் வாய் இல்லை என்று பார்த்தோம். யு.எஸ்.பி.யைப் பிரிண்டருக்கு மாற்றும் ஒயர் ஒன்றை வாங்கினோம். அது பிரிண்டரை நன்றாக ஓட்டியது, சிப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்கா அதைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, "நாமளே பண்ணிக்கலாமுங்க" என்றார்.

இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து படித்துப் படித்து வரைபடத்தைத் தேற்றினார். அப்போதுதான் ஒரு வேடிக்கை புரிந்தது. யு.எஸ்.பி. புரோகிராமருக்கு உள்ளேயே ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பில் கட்டளைகளை ஏற்ற ஒரு புரோகிராமர் வேண்டும். கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான். நல்லவேளை, பழைய கேபிள் இருந்ததால் முதல் முட்டை கிடைத்தது.

சாலிடர் செய்து லேப்டாப்பில் செருகினால், அடையாளம் தெரியாத கருவி என்று திரை சொன்னது. கழற்றிச் செருகினார், மறுபடியும் அதேதான். ஒயரை மாற்றினார், கிறிஸ்டலை மாற்றினார், சிப்பையே மாற்றினார். அந்த வாரம் அவரோடு பேசியவர்கள் எல்லோரும் திட்டு வாங்கினார்கள். கடைசியில் குற்றவாளி இரண்டு ஜீனர் டையோடுகள். கம்ப்யூட்டரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் மின்னழுத்தம் ஏறாமல் பிடித்து வைப்பவை. கடைக்காரர் தடித்த, ஒரு வாட் வகையைக் கொடுத்திருந்தார். அவை சிக்னலையே மந்தமாக்கிவிட்டன. மெலிந்த வகையை வைத்ததும் லேப்டாப் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா அந்தச் சர்க்யூட்டை ஒரு சோப்பு டப்பாவில் அடைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய கேபிளின் தலையை அன்றே வெட்டி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். இனி அது எதற்கு என்பது அவர் எண்ணம்.

எல்லாக் கேடும் அந்தச் சந்தோஷத்தில் இருந்துதான் தொடங்கியது. நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதன்மேல் பஞ்சு படிந்தாலும் காற்றுக் குழாயை எடுத்து ஊதிவிடுவோம். துணி, மெஷின், தலைமுடி, டிபன் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் அதுதான். போர்டை மட்டும் அப்படி ஊதக் கூடாது, கம்ப்ரஸர் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அக்கா. அவரே அன்றைக்கு மூடி திறந்திருந்த புரோகிராமரில் பஞ்சைப் பார்த்ததும், பேச்சு மும்முரத்தில் குழாயை எடுத்து ஒரு ஊது ஊதினார். கரண்ட் ஓடிக்கொண்டிருந்த சிப்பின்மேல் தண்ணீர் தெறித்தது. விளக்கு அணைந்தது. "ஊருக்குத்தான் உபதேசமுங்களா அக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. புதிய சிப் வாங்கலாம், அதில் ஏற்றத்தான் கேபிள் இல்லையே.

பல்லடத்தில் இருந்த சர்வீஸ்காரர் ஒருவர், தொழிலில் எங்களுக்குப் போட்டி, கேள்விப்பட்டுத் தம்முடைய பழைய கேபிளை பஸ்ஸில் எடுத்துவந்து கொடுத்தார். புரோகிராமர் உயிர் பிழைத்தது. அந்த நன்றிக்கு அக்கா இன்னொரு புரோகிராமர் செய்து, நாங்களே செய்து மெஷின்களில் மாட்டும் போர்டின் மொத்த புரோகிராமையும் ஒரு சி.டி.யில் போட்டு, அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். புரோகிராமையுமா என்று நான் முணுமுணுத்தேன். "நாம இல்லாத நேரத்துல போர்டு கெட்டா மெஷின் நிக்கக் கூடாதுல்ல" என்றார். கேட்டவருக்கெல்லாம் அதன்பின் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், படிக்கிறவர் திணறக் கூடாது என்று, அது எதற்கு என்பதைத் தமிழில், ஆங்கில எழுத்துகளில் எழுதி வைத்திருந்தார்.

அந்தப் புரோகிராமில் அவருக்குப் பெருமை தந்த ஒரு பகுதி உண்டு. மெஷினுக்கு அடியில் துணியைச் சுருட்டும் சட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றி ஒரு கம்பிக் கதவு. கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும், இல்லையென்றால் கை போய்விடும். ஆனால் மெஷின் நின்று கிளம்பினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். கோடு விழுந்த துணியை வாங்குகிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே பல கம்பெனிகளில் கதவுச் சுவிட்சை நூலால் கட்டி, எப்போதும் மூடியிருப்பதாக மெஷினை ஏமாற்றிவிடுவார்கள். அக்கா அதற்கும் ஒரு வழி வைத்தார். நிறைந்த ரோலை வெளியே எடுக்கக் கதவைத் திறந்தே ஆக வேண்டும். ஒரு ரோல் முடிந்தும் கதவு திறந்ததாகச் சுவிட்ச் காட்டவில்லை என்றால் சுவிட்சைக் கட்டியிருக்கிறார்கள் என்று சிப் புரிந்துகொள்ளும், மெஷின் மறுபடி கிளம்பாது. முதலாளிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் காதில் விழாததுபோல இருந்தார்.

பெருமாநல்லூரிலேயே ஒரு கம்பெனி. பீகாரிலிருந்து வந்த மனோஜ் அங்கே ஆபரேட்டர். ஒருநாள் அவர் வலது கையின் இரண்டு விரல்கள் சட்டத்தில் சிக்கிப் போயின. அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தவர், அந்த மெஷினில் இருந்தது எங்கள் போர்டு என்பதால் அக்காவை அடையாளம் தெரிந்துகொண்டு, "கதவு திறந்தேன் அக்கா. மெஷின் நிக்கலே" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. முதலாளி கேட்டுக்கொண்டதால் பல்லடத்துக்காரர் கதவுப் பகுதியைப் புரோகிராமிலிருந்து நீக்கி, சிப்பில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அக்கா பரிசாகத் தந்த அதே புரோகிராமரில். எங்களைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார். அக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து ஓயாத சண்டை எங்களுக்குள். அரிவாள்மணை விற்றவர் மேலா பழி போடுவார்கள் என்று கேட்டேன். "எந்த வரி கதவுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க? பக்கத்துலயே 'இதுதான் கதவு'ன்னு நாந்தான எழுதி வெச்சேன்" என்றார். நல்ல மனசோடு செய்ததுதானே என்றேன். "நல்ல மனசு இருந்தா வெரல் மொளைக்குமா சுப்பிரமணி?" என்றார். எனக்கு இப்போதும் அவர் சொன்னதில் சம்மதமில்லை. இனி வாதாடவும் ஆள் இல்லை.

புகார் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தோம். மனோஜ் கும்பிட்டு வேண்டாம் என்றார். புகார் போனால் முதல் ரயிலில் ஏற்றப்படுவது அவராகத்தான் இருக்கும். வேறு வேலை கிடைக்காமல் ஆறிய கையோடு அதே மெஷினுக்கே அவர் திரும்பிப் போனார். அந்த முதலாளியோ அக்காவைக் கம்பெனி கேட்டுக்கு உள்ளே விடவில்லை.

அக்கா புரோகிராமர் கொடுப்பதை நிறுத்தினார். கொடுத்த இடங்களுக்கெல்லாம் கிளம்பினார். ஒவ்வொரு கம்பெனியாகப் போய், ஓடும் மெஷினின் கதவைத் திறந்து பார்ப்பதே வேலை. நிற்காத மெஷின் ஒன்றிரண்டு அகப்பட்டன. அங்கேயே உட்கார்ந்து சிப்பில் ஏற்றிவிட்டுத்தான் எழுவார். இடையில்தான் நோய் தெரிந்தது. நடக்க முடியாமல் ஆனபின் என்னை அனுப்பினார். நான் கதவைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போன் வரும். "நின்னுச்சா?" நின்னுச்சுங்க என்று நான் சொன்னதும் வைத்துவிடுவார். எல்லா மெஷினும் நின்றன. மனோஜின் மெஷின் மட்டும் பாக்கி.

நோய் முற்றியிருந்த சமயம் ஒருநாள் அவராகவே பேச்சை எடுத்தார். அவிநாசியிலிருந்து இரண்டு பேர் புரோகிராமர் கேட்டு வந்து வெறுங்கையோடு போனது அவரை உறுத்தியிருக்கிறது. "குடுக்காம இருக்கறதுக்கும் மனசு வல்ல. குடுத்துருங்க. குடுத்த எடத்துக்கெல்லாம் போய்க் கதவத் தொறந்து பாத்துட்டு வந்துருங்க" என்றார். அத்தனை மாத யோசனைக்குப் பின் அவர் கண்ட வழி அதுதான். அது போதுமானதா என்று அவருக்கும் நிச்சயமில்லை, முகத்தில் தெரிந்தது.

சேவூரில் அடக்கம் நடந்தது. பல்லடத்துக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். மனோஜ் லீவு கேட்டு வந்து, மண் போட்டுவிட்டு, ஷிப்டுக்கு ஓடினார். எந்த மெஷினுக்கு ஓடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

சில நாள் கழித்து அந்த முதலாளியிடமிருந்து போன். கரண்ட் போய் வந்ததில் போர்டு செத்துவிட்டதாம். ஏற்றுமதித் துணி பாதியில் நிற்கிறதாம். பல்லடத்துக்காரர் வர மறுத்துவிட்டாராம். வருகிறேன், ஆனால் அக்காவின் புரோகிராமைத்தான் முழுசாக ஏற்றுவேன் என்றேன்.

"துணியில கோடு உழுகுமுங்களே."

"உழுகட்டுங்க" என்றேன்.

பிறகு வரச் சொன்னார்.

சோப்பு டப்பாவையும் புதுப் போர்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். போர்டு வேலையில் என் கை படக் கூடாது என்ற அக்காவின் சட்டத்தை அன்று மீறினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சிப்பில் ஏற்றி, போர்டை மாட்டி, மெஷினை ஓடவிட்டேன். துணி இறங்கத் தொடங்கியது. மனோஜைக் கதவைத் திறக்கச் சொன்னேன். அவர் முதலாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மிச்சமிருந்த விரல்களால் கம்பியைப் பிடித்து, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு, திறந்தார்.

மெஷின் நின்றது. மறுபடி கிளப்பியதும் வெள்ளைத் துணியில் குறுக்கே கோடு விழுந்து இறங்கியது. முதலாளி குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். என் சட்டைப்பையில் போன் அடிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்கா, நின்னுருச்சுங்க.