சுரைப்பந்தலுக்குக் கீழே

குடிநீர் வாரியத்தில் அவருக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. அலுவலகத்திலும் தெருவிலும் அவர் காதுக்காரர். நாலடி இரும்புக் கம்பி. அதன் தலையில் கிண்ணம் போலக் குழிந்த ஒரு பித்தளை மூடி. இதுதான் அவருடைய ஆயுதம். வண்டி வாகனம் கிளம்பாத விடியற்காலையில் கம்பியைத் தெருவில் ஊன்றி, பித்தளையில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுவிடும். "இங்க தோண்டு" என்று செருப்பு நுனியால் கோடு கிழித்தாரானால், இருபத்தாறு வருஷத்தில் மண்வெட்டிக்காரர்கள் ஏமாந்தது நாலைந்து தடவைதான். மெஷினோடு வந்த இன்ஜினியர்கள் கடைசியில் கையை விரித்துவிட்டு, காதுக்காரரைக் கூப்பிடச் சொன்ன கதை தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லித் தெரியும்.

வீடு கீழும் மேலுமாக இரண்டு பாகம். கீழே அவரும் மனைவியும். மேலே ஒரு குடித்தனம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். புருஷன் சரக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் குடித்தனம். மொட்டைமாடியில் இருக்கும் ஒரே டேங்க் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். மோட்டார் போட்டு ஏற்றிவிட்டால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை.

பின்பக்கம் துண்டு நிலம். நாலு கத்திரி, ஒரு எலுமிச்சை, பந்தலில் ஒரு சுரைக்கொடி. அங்கே ஒரு குழாய் வேண்டுமென்று, டேங்கிலிருந்து பைப் இறக்கி மண்ணுக்கடியில் பதித்தது அவரேதான். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

இந்தக் கோடையில் கத்திரி கருகியது. எலுமிச்சை இலையை உதிர்த்துவிட்டு நின்றது. சுரைக்கொடி மட்டும் யார் சொத்தையோ எழுதி வாங்கியது போலப் பந்தலைத் தாண்டி, சுவரைத் தாண்டிப் போனது. குழந்தையின் தொடை கனத்துக்குக் காய்கள் தொங்கின. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "கைராசிங்க, வேற ஒண்ணுமில்ல" என்பார். மேல்வீட்டுப் பெண்ணுக்கும் இரண்டு காய் கொடுத்திருந்தார். அவளும் புகழ்ந்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. இரண்டு நாள் வரவேண்டிய டேங்க் தண்ணீர் ஒன்றரை நாளில் தீர ஆரம்பித்தது. வெயில் காலம், செலவு கூடத்தான் செய்யும் என்றார். மனைவி ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஊருக்கெல்லாம் வைக்கிற கம்பிய நம்ம வீட்டுலயும் ஒரு தடவ வச்சுப் பாக்கலாம்ல" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நான் போட்ட பைப்புடி அது."

அவள் அடுத்த கீரைக் கட்டை எடுத்துப் பிரித்தாள்.

அப்புறம் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. மேல்வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அந்தப் பெண்ணின் அக்கா, அக்கா புருஷன், இரண்டு பிள்ளைகள். தானே பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று பிறந்த வீடு இவளைக் கைகழுவி ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக வாசற்படி மிதித்தது இந்த அக்காதான். வெள்ளிக்கிழமையே மேல்வீட்டுப் பெண் கீழே வந்து, தலையணை இரண்டு இரவல் வாங்கிக்கொண்டு, "அக்கா வராங்க அண்ணி" என்று காதுக்காரரின் மனைவியிடம் நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் ஏற்றிய தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. பல் தேய்க்கப் போன காதுக்காரருக்குக் குழாய் பெருமூச்சு மட்டும் விட்டது. மாடி ஏறி டேங்க் மூடியைத் திறந்தார். அடியில் ஒரு கை சேறு. இறங்கி வருவதற்குள் தலைக்கு மேல் வெயிலும் ஏறிவிட்டது, கோபமும் ஏறிவிட்டது.

படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த அக்கா ஒரு வாளியோடு நின்றாள். குளிக்கும்போதே தண்ணீர் நின்றுவிட்டது, பிள்ளைக்காக ஒரு வாளி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஆறு வயதுப் பெண்பிள்ளை, தலை நிறைய ஷாம்பு நுரையோடு, ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது.

தெருவில் சத்தமாகப் பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. மண்வெட்டிக்காரர்களை அதட்டுகிற அதே குரலில் ஆரம்பித்தார். இரண்டு பேர் என்று சொல்லித்தானே வீடு பிடித்தார்கள் என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"வீடு விட்டேனா, சத்திரம் கட்டி விட்டேனா? சொந்தக்காரங்க மொத்தமும் வந்து அழுக்குத் தேச்சுக் குளிக்க என் தலையிலதான் டேங்க் வச்சிருக்கா?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மேல்வீட்டுப் பெண் ஓடிவந்து, மன்னித்துக்கொள்ளும்படி அவரிடமும் கெஞ்சினாள், அக்காவிடமும் கெஞ்சினாள். இரண்டு பேருமே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. காதுக்காரரின் மனைவிதான் சமையலறைக் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து பிள்ளையின் தலையில் ஊற்றினாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்பே விருந்தாளிகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். திங்கள் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள். வாசலில் அந்த அக்கா தங்கையிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இப்படித்தான் இருக்கியாடி."

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வந்தது, டேங்க் நிரம்பியது. லீவு நாள்தானே என்று காதுக்காரர் தோட்டத்தில் இறங்கினார். காய்களின் கனத்தில் பந்தலின் ஒரு மூலை சரிந்து கிடந்தது. முட்டுக் கொடுக்கக் கழி தேடினார், கிடைக்கவில்லை. வராந்தாவில் சாத்தியிருந்த இரும்புக் கம்பி கண்ணில் பட்டது. அவசரத்துக்கு இது போதும் என்று கொண்டுவந்து, பந்தலுக்குக் கீழே ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினார்.

கம்பி கூழில் இறங்குவது போல இறங்கியது.

சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இங்கே மட்டும் எப்படி? மூன்று நாளாகத் தோட்டத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கம்பி வழியே உள்ளங்கையில் ஒரு நடுக்கம் தட்டுப்பட்டது. இருபத்தாறு வருஷமாகப் பழகிய நடுக்கம். காதைக் கொண்டுபோகாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் குனிந்து பித்தளையில் காதை வைத்தார். உள்ளே சளசளவென்று, வாய் ஓயாமல் யாரோ பேசுவது போலக் கேட்டது.

முழங்கை ஆழம் தோண்டியதும் இணைப்பு தெரிந்தது. இரண்டு பைப்பையும் சேர்க்கிற கப்ளிங்கில் விரல் நீளத்துக்கு விரிசல், அதன் வழியே ஒரே பீச்சல். கப்ளிங்கின் ஒரு பக்கத்தில் பசை வழவழவென்று இருந்தது, மறு பக்கத்தில் பசையே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. டப்பாவில் பசை தீர்ந்துபோயிற்று. நாளைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றி, சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டி மண்ணை மூடினார். அந்த "நாளைக்கு" வரவே இல்லை.

நிமிர்ந்தபோது மனைவி கொல்லை வாசலில் நின்றாள். குழியை ஒரு தடவை, அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வால்வை மூடினார். பழைய கப்ளிங்கை அறுத்தெடுத்தார். புதியதைப் பொருத்தும்போது இரண்டு பக்கமும் பசை ஒழுக ஒழுகப் பூசினார். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டு, அந்தப் பிள்ளையின் மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்துவிட்டால் போதும். இந்தக் கசிவு யாருக்கும் தெரியப்போவதில்லை. சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்தபோதே, இதுவும் அந்தப் பழைய "நாளைக்கு" மாதிரிதான் என்று அவருக்கே தெரிந்தது.

சாயங்காலம் அவருக்கு முந்திக்கொண்டு மேல்வீட்டுப் பெண் இறங்கி வந்தாள். இரவல் வாங்கிய தலையணைகளை உறை துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனபோது டேங்கைத் திறந்து பார்த்தாளாம்.

"ஒரு சாண்தான் குறைஞ்சிருக்கு அண்ணா. நீங்க சொன்னது சரிதான். நாங்கதான் கணக்கு வழக்கில்லாம செலவு பண்ணிட்டோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவருடைய வாய் திறந்தது. திறந்து, "சரிம்மா, பரவால்ல" என்றது.

அவள் போய்விட்டாள். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே நம்பமுடியவில்லை. தெரியாமல் கத்தியதற்காவது ஒரு சாக்கு உண்டு. தெரிந்துகொண்டே மன்னித்தாரே, இதற்கு என்ன சொல்வது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தலையணைகளை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறியது. அவளே எடுத்துப் போய்க் கொட்டினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே எழுந்தார். தோட்டத்துக்குப் போய், இருப்பதிலேயே பெரிய சுரைக்காயாகப் பார்த்துக் கை வைத்தார்.

"அத விடுங்க" என்றாள் மனைவி. "அதுவும் அவங்க தண்ணியில வளந்ததுதான்."

கையை எடுத்துவிட்டார். குழி ஓரத்தில் கிடந்த உடைந்த கப்ளிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு படி ஏறினார். இருபது படி. ஒவ்வொன்றும் ஒரு மாடி உயரம் இருந்தது.

கதவைத் திறந்தவளிடம் கையை நீட்டினார். அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை. பைப், விரிசல், பசை, நாலு வருஷம் என்று எல்லாவற்றையும் சொன்னார். சாயங்காலம் அவள் மன்னிப்புக் கேட்டபோதே இது தனக்குத் தெரியும் என்பதைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கிவிட்டது. "உங்க மேல தப்பே இல்லம்மா. எல்லாம் என்னுது."

அவள் அந்தப் பிளாஸ்டிக் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அழுதாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். இரண்டும் நடக்கவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன அண்ணா ஆகப்போகுது" என்றாள். போனை எடுத்து, எண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

நாலு தடவை மணி அடித்தது. "சொல்லுடி" என்றது அக்காவின் குரல். தான் யார் என்று சொன்னார். போனோடு படிக்கட்டுத் திருப்பத்துக்கு இறங்கி, நேற்று நின்ற அதே படியில் நின்று, நேற்றுப் பேசிய அதே சத்தத்தில் பேசினார். தண்ணீரை யாரும் வீணாக்கவில்லை என்றும், தான் போட்ட பைப் தன் தோட்டத்தில்தான் ஒழுகியது என்றும், விருந்துக்கு வந்தவர்களைப் பேசக்கூடாததைப் பேசிவிட்டதாகவும் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நேற்று வசதியாக இருந்த ஜன்னல் இன்று முதுகைச் சுட்டது. இருந்தாலும் குரலைக் குறைக்கவில்லை.

அந்தப் பக்கம் வண்டி போகிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம். அதற்குள்ளே ஒரு சின்னக் குரல் கேட்டது.

"யாரும்மா? அந்தக் கத்துற மாமாவா?"

அக்கா என்ன சொல்வதென்று யோசித்திருப்பாள் போல. அதற்குள் காதுக்காரரே பதில் சொல்லிவிட்டார்.

"ஆமாம்மா," என்றார். "அந்த மாமாதான்."