ஏழு மணி வகுப்பும் டெல்ஃபியாவோட பஸ்ஸும்

டெல்ஃபியா ஸ்டேசிய எனக்குப் புடிக்காது. அத முதல்லயே சொல்லிடறேன். பதினாலாம் நம்பர் ஸ்கூல் பஸ்ஸ ஓட்றவ. பத்தொம்பது வருஷமா எங்க ஓடை ரோட்டுல அந்த மஞ்ச வண்டிய உருட்டிக்கிட்டிருக்கா. ஒரு பனிக்காலத்துல என் வீட்டுத் தபால் பெட்டிய இடிச்சுத் தள்ளிட்டு, "பெட்டிய ரோட்டுல நட்டு வெச்சா நான் பறந்தா போவேன்?"னு கேட்டுட்டுப் போனா. அன்னியிலேருந்து பேச்சில்ல. சிரிக்க மாட்டா. வண்டிக்குள்ள ஒரு மிட்டாய் வாயில போட விடமாட்டா. கரிச்சுரங்கத்துல புருஷன் செத்தப்பகூட மூணாம் நாள் வண்டி எடுத்தவ.

ஆனா அவளுக்குப் பண்ணின அநியாயத்த நான் கண்ணால பாத்தேன். அந்தப் பள்ளிக்கூட கேன்டீன்ல இருவத்திரண்டு வருஷம் பீன்ஸ் வேக வெச்சவ நான். மேல உக்காந்திருக்கறவனுங்க லட்சணம் எனக்குத் தெரியும்.

எங்க ஜில்லாப் பிள்ளைங்க பரீட்சையில கெண்டக்கி மாநிலத்துலயே அடிமட்டம். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் மேலதிகாரி பிராஷியர்னு ஒருத்தன். அவன் பட்ஜெட்டுல தொண்ணூறாயிரம் டாலர் ஒதுக்கி, பின்தங்கின பிள்ளைங்களுக்குக் காலையில ஏழு மணிக்குத் தனி வகுப்புன்னு ஆரம்பிச்சான். வாத்தியாருங்களுக்குக் கூடுதல் சம்பளம், புதுப் புஸ்தகம், வாசல்ல பேனர். ஆனா பஸ் போய்ச் சேர்றது ஏழே முக்காலுக்கு. அது ஒரு அறிவாளிக்கும் தோணல. எப்படித் தோணும்? அவனுங்க பிள்ளைங்க பஸ்ஸுல போறதில்லையே.

வகுப்புக்கு யாரு வந்தா? பல் டாக்டர் மவனும் பேங்க் மேனேஜர் மவளும். கார்ல எறக்கி விட்டாங்க. ஏற்கெனவே படிக்கிறதுங்க. எங்க ஓடைப் பிள்ளைங்க மூணாங்கிளாஸ் வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாம பஸ்ஸுல தூங்கி விழுந்துக்கிட்டிருந்துச்சுங்க.

டிசம்பர்ல பள்ளிக்கூட நிர்வாக போர்டு கூட்டம். ஊர்க்காரங்க யாரு வேணும்னாலும் எழுந்து மூணு நிமிஷம் பேசலாம். நானும் போனேன், திட்டறதுக்குத்தான். பிராஷியர் சுவத்துல கணக்குப் படம் காட்டினான்.

"வகுப்பு காலியாக் கெடக்கு. ஓடைப் பக்கத்துப் பெத்தவங்களுக்கு அக்கறையில்ல. அடுத்த வருஷம் இந்தப் பணத்த வேற எதுலயாவது போடலாம்."

டெல்ஃபியா எழுந்தா. "அந்த வகுப்பு என் வண்டியில இருக்கு சார். ஏழு மணிக்கு நாங்க பாலத்தக்கூடத் தாண்டறதில்ல."

"அத போக்குவரத்துக் கமிட்டிக்கு எழுதிக் குடும்மா."

"கமிட்டி எப்ப கூடும்?"

"ஏப்ரல்ல."

"பரீட்சை?"

"அதுவும் ஏப்ரல்தான்டா!"ன்னு பின்வரிசையிலேருந்து நான் கத்தினேன். மணிய அடிச்சு ரெண்டு பேரையும் உக்கார வெச்சுட்டானுங்க.

மறுநாள் சாயங்காலம் அவ வீடு வீடா ஏறினா. "திங்கக்கெழமையிலேருந்து அஞ்சரைக்கு வருவேன். நிக்கலன்னா போயிட்டே இருப்பேன்."

"பைத்தியமா ஒனக்கு? அந்நேரத்துக்குப் பிள்ளைய எப்படி எழுப்புறது?"ன்னா எதிர்வீட்டு வாண்டா.

"ஒன் புருஷன எழுப்புற மாதிரிதான். தண்ணிய ஊத்து."

என் வாசலுக்கும் வந்தா. "வாசல் லைட்ட எரிய விடு. இங்க எட்டுப் பிள்ளைங்க நிக்கும்."

"கரண்டு பில்ல உங்கப்பனா கட்டுவான்?"னு கேட்டேன். லைட்டப் போட்டேன், அது வேற விஷயம்.

ஜனவரி முடியற வரைக்கும் அப்படியே ஓட்டினா. வகுப்பு ரொம்பி நாற்காலி பத்தல. பிராஷியர் பேப்பர்காரனக் கூட்டிட்டு வந்து, பிள்ளைங்க நடுவுல நின்னு படம் புடிச்சுக்கிட்டான். 'எங்கள் திட்டம் பலன் தருகிறது'ன்னு போட்டானுங்க. அதே வாரம், உத்தரவில்லாம முன்கூட்டியே வண்டி எடுத்தா, டீசல செலவழிச்சான்னு சொல்லி டெல்ஃபியாவ வேலையிலேருந்து நிறுத்திட்டான். வண்டிச் சாவி அவன் மச்சான் மவன் சேட்ங்கறவன் கைக்குப் போச்சு. அந்தத் தடியன் ஆறரைக்குத்தான் வந்தான். பிள்ளைங்க ஒரு மணி நேரம் பனியில நின்னுச்சுங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. மறுநாள் காலையில அஞ்சரைக்கு பிராஷியர் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"யாரு?"

"பதினாலாம் நம்பர் பஸ் எங்க?"

"மணி அஞ்சரைம்மா!"

"மணி தெரிஞ்சுதான் கேக்குறேன்."

அடுத்த நாள் வாண்டா, அதுக்கடுத்த நாள் அவ நாத்தனார். மொறை வெச்சுக் கூப்பிட்டோம். நம்பர மாத்தினான். அவன் பொண்டாட்டிக்கு முடி வெட்றவ எங்க ஓடைக்காரி. மத்தியானத்துக்குள்ள புது நம்பர் எங்க கையில. ஒம்பதாம் நாள் போன எடுத்தது அவன் பொண்டாட்டி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "ஏங்க, அந்தப் பொம்பளையத் திருப்பிக் கூப்பிட்டுத் தொலைங்க!"ன்னு அங்க அலறுறது கேட்டுச்சு.

அன்னிக்கே பிராஷியர் டெல்ஃபியாவத் தேடி வந்தான். அவன் முகத்தப் பாக்கணும்னே நானும் அவ வீட்டு வாசல்ல போய் நின்னேன். அவ அவன உள்ள கூப்பிடல.

"திங்கக்கெழமை வந்துடும்மா. பழசெல்லாம் மறந்துடுவோம்."

"அஞ்சரையிலேருந்து சம்பளம். எழுதிக் குடுங்க."

"நாளைக்கு ஆபீசுல வெச்சு..."

"பிள்ளைங்க நாளைக்குக் காலையில நிக்குதுங்க. இப்ப எழுதுங்க."

கார் மேல காகிதத்த வெச்சு, வெரல் வெறைக்க எழுதினான். அவ நின்ன எடத்துலயே ரெண்டு தடவ படிச்சா. திருப்பி அவன்கிட்டயே நீட்டினா.

"டீசல் விட்டுப்போச்சு. அதுவும் ஸ்கூல் செலவுன்னு எழுதுங்க."