ரகுபதிக்குப் பிடிக்காத குரல்

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஷேர் ஆட்டோவை விம்கோ நகர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைந்துவிடுவார் ரகுபதி. கல்மண்டபத்துக்கும் எண்ணூருக்கும் நாளெல்லாம் ஓட்டுகிறவர். ஆள் நிறையாமல் வண்டி ஓர் அடி நகராது. ஆனால் மூன்று மணி நடையை மட்டும் விட்டுவிடுவார். மனைவி வினிதாவுக்குத் துணையாக இருக்க என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொள்வார். போவது வேவு பார்க்க.

அந்நேரம் வினிதா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்திருப்பாள். காதுக்குள் ஓர் ஆண் குரல்.

அவளுக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்பின் மேலுறை அரிபடுகிற நோய். "ஒயருமேல ரப்பரு பிஞ்சி பூட்ச்சாம்" என்பார் ரகுபதி. எல்லாவற்றையும்விடக் கொடுமை அசதிதான். தூங்கி எழுந்தாலும் போகாது. தலை சீவத் தூக்கிய கை பாதியில் விழுந்துவிடும். ஆஸ்பத்திரி ஆலோசகர் திருமுருகன் மனோவசிய முறையில் இருபது நிமிடம் பேசி அவள் போனில் பதிந்து கொடுத்தார். தினமும் கேட்டதில் நோய் அப்படியே இருந்தது. அசதி கொஞ்சம் வழிவிட்டது. சாயங்காலம் எழுந்து குழம்பு கூட்டினாள்.

சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு வயிறு எரிந்தது. "செத்த படு மே" என்று பதினாறு வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லியும் படுக்காதவள், எவனோ 'கண்ணை மூடிக்கோங்க' என்றதும் மூடிக்கொள்கிறாள். உதட்டோரம் சிரிப்பு வேறு.

"வசியம்னு அவுங்களே சொல்றாங்கோ மாமு. இதுக்கு மேல இன்னா?" என்று ஸ்டாண்டில் சக டிரைவர் மனோகரனிடம் புலம்பினார்.

"அப்ப நீயே பண்ணேன்" என்றார் மனோகரன், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

பண்ணினார். அவள் குளிக்கப் போன சமயம் அந்தக் குரலை அழித்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தார். அந்த ஆள் மனசுக்குள்ளேயே ஒரு படிக்கட்டில் இறங்கச் சொல்வார், படிக்குப் படி அசதி இறங்கும் என்று. ரகுபதிக்குத் தெரிந்தது ரூட்டு. "வினி, என் வண்டில குந்திகினு கீற. கல்மண்டபம் வந்திச்சி. கொஞ்சம் அசதி எறங்கிச்சி" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். டோல்கேட்டில் பழக்கம் முந்திக்கொண்டது. "ஏறு ஏறு! தேரடி, எண்ணூரு! இன்னும் ரெண்டு பேரு ஏறலாம், தள்ளி குந்தும்மா!" அதற்கப்புறம் ஒரு ஸ்டாப்பிலும் எதுவும் இறங்கவில்லை.

கேட்ட வினிதா எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "எறக்கி உடுவன்னு பாத்தா ஏத்திகினே போறியேயா!" சிரித்த களைப்பிலேயே சாய்ந்தாள். பிறகு போனைத் தடவித் தேடினாள்.

"அவரு பேசுனது எங்க?"

"அழிச்சிட்டேன்."

அவள் இயர்போனைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஐந்தாம் நாள், பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். ரகுபதி ஊட்டப் போனார். "வாணாயா, முழுங்கவே பேஜாரா கீது" என்றாள்.

மறுநாள் காலை வண்டியை எடுக்காமல், அவள் போனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். திருமுருகன் அவர் நினைத்ததைவிட இளையவர், சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"நாந்தான் சார் அழிச்சேன். வயித்தெரிச்சல். மறுபடி பேசிக் குடுங்க, அவளால முடியல."

ஏன் எதற்கென்று கேட்காமல், ரகுபதி போனில் பதிவைத் தட்டியதும் அவர் ஆரம்பித்தார். "வினிதா, மெதுவா கண்ணை மூடிக்கோங்க..."

ரகுபதி பதிவை நிறுத்தினார். 

"வினிதான்னு வாணாம் சார். வினின்னு சொல்லுங்க. நான் மட்டுந்தான் அப்டிக் கூப்புடுவேன். அந்தப் பேருக்குன்னா சீக்கிரம் தூங்குவா."

பதிவை மறுபடி தட்டிவிட்டு, போனை இரண்டு கைகளாலும் பிடித்து அந்த மனிதரின் வாயருகே நீட்டினார்.