ஒன்றரை அங்குலம் குறைந்த அம்புகளுடன் தேவனேரிக்கு

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள தேவனேரிக்குப் போனேன். சிற்பம் பார்க்கவோ கடல் பார்க்கவோ போகவில்லை. என் அம்புகள் ஏன் எப்போதும் இடது பக்கமே ஒதுங்குகின்றன என்று ஒருவரிடம் கேட்கப் போனேன். வில், அம்பு வாங்குவதற்கு முன்போ வாங்கிவிட்டுத் தவிக்கும்போதோ இணையத்தில் தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பவர்களுக்கு இது உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வில்லைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விளையாட்டுக்கு ஒரு பெயர் கொடு என்றார்கள். பந்து வேண்டாம், கூட்டமாக ஓட வேண்டாம் என்று வில்வித்தையைக் கொடுத்தேன். தனியாக நின்று செய்கிற காரியம் என்பதால் பிடித்துப்போனது. கடைசி வருடத்தில் சொந்தமாக வில் வாங்கினேன். படிப்பு முடிந்தும் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் பயிற்சி செய்ய விட்டார்கள். ஜனவரியில் மறைமலைநகரில் வேலை தொடங்குகிறது. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும், ஞாயிறும் வேலை உண்டு. அதனால் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் நான் நிற்பது இதுதான் கடைசித் தடவை. அது நான் கிளம்பியதற்கு மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை.

கைபேசிக் குழு ஒன்றில் என் கேள்வியைப் போட்டிருந்தேன். ஒருவர் நாணை மாற்று என்றார், ஒருவர் அம்பை மாற்று என்றார், ஒருவர் காலை வணக்கம் அனுப்பினார். கடைசியில் ஒரு பெண் மட்டும், "தேவனேரி பக்கம் ஒரு விடுதியில் ஸ்டெல்லா இருக்கிறார். மாநில அணியில் இருந்தவர். நேரில் போய்க் காட்டு" என்று எழுதினார். போன் செய்யக் கூச்சப்பட்டுச் செய்தி அனுப்பினேன். "சனி 11 மணி. வில்லு, எல்லா அம்பும் எடுத்துகினு வா" என்று பதில் வந்தது.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் எட்டரைக்கு மாமல்லபுரம் வண்டி ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். வெயில் நாளில் ஒரு மணி நேரம் ஆகும். அன்று மழையில் ஒன்றே முக்கால் ஆனது. டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். வில் பெட்டியை மடியில் படுக்கவைத்தால் பக்கத்து ஆளை இடிக்கும், நிறுத்தினால் கூரையை இடிக்கும். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். வழி முழுக்க ஏரிகள் நிரம்பிச் சாலையோரம் வரை வந்திருந்தன. நட்ட வயலும் நடாத வயலும் ஒரே நிறத்தில் கிடந்தன. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டதால் பிறகு அதுவும் தெரியவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் ஷேர் ஆட்டோவைப் பிடிக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர்தான், இருபது ரூபாய். ஓட்டுநர் பெட்டியைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"இன்னாம்மா அது, வீணையா?"

"வில்லுங்க."

"வில்லா? யார் மேல காண்டு உனுக்கு?"

பின்னால் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தார். "வூட்டுக்காரன் மேலயா இருக்கும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு நைனா."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இறங்கிக்கொண்டேன்.

விடுதியின் பின்பக்கம், சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்கு எதிரே வைக்கோல் அட்டையில் செருகிய பலூன்கள் மழையில் நனைந்து தொங்கின. விருந்தினர்கள் பத்து அம்பு விட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்கான இடம். ஸ்டெல்லா அக்காவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. விடுதிச் சீருடைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. உடைந்த பலூன் தோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீதானா? போட்டோ இல்லாத டிபிய வச்சிகினு மெசேஜ் பண்ணது? நான் எவனோ பையன்னு நெனச்சேன். வா, உள்ள வா. இன்னைக்கு ஒரு கெஸ்டும் வர மாட்டான்."

வில்லைத் தானே பூட்டித் தராமல் என்னையே பூட்டச் சொன்னார். பதினெட்டு மீட்டரில் இறகு உள்ள அம்பு மூன்றும், இறகு உரித்த அம்பு இரண்டும் எய்யச் சொன்னார். இது வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய சோதனை. இறகு, அம்பின் தப்பை வழியில் திருத்திவிடும். இறகு இல்லாத அம்பு உள்ளதை உள்ளபடி காட்டும். வலது கையால் இழுப்பவருக்கு இறகில்லாத அம்பு, இறகுள்ள அம்புகளுக்கு இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு அதிகம், விடும்போது போதிய அளவு வளையவில்லை; வலப்பக்கம் போனால் விறைப்பு போதவில்லை என்று பொருள். என்னுடையவை இரண்டும் ஒரு சாண் இடப்பக்கம் குத்தி நின்றன.

நான் எதிர்பார்த்ததுதான். தடிமனான அம்பை விற்றுவிட்டார்கள் என்பார், கடைக்காரரைத் திட்டிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் அம்புகளைப் பார்க்கவில்லை. என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள் வலிக்குமா?"

"ராத்திரியில கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"படுக்க முடியாதுக்கா."

கிளிக்கர் என்பது வில்லில் பொருத்தும் சின்னத் தகடு. அம்பின் முனை அதன் அடியில் இருக்கும். முழு இழுப்புக்கு வந்ததும் முனை வழுக்கி வெளியேறி, தகடு 'டிக்' என்று அடிக்கும். அப்போது விட வேண்டும். ஸ்டெல்லா அக்கா அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெட்டாத நீள அம்பு ஒன்றை எடுத்து, அதில் இறுக்கமாக ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினார். இழுக்கும்போது வில்லின் முதுகு அந்த வளையத்தை முன்னால் தள்ளும். எவ்வளவு தூரம் இழுத்தோமோ அங்கே அது நின்றுவிடும்.

"விட்றாத. இழு, நிறுத்து, மெதுவா எறக்கு."

இழுத்தேன். இருபத்தைந்து அங்குலம். மறுபடியும் இருபத்தைந்து. அம்பு வெட்டக் கொடுத்த அளவும் அதுதான் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் குடையை எடுத்தார். "நான் போய் டீ வாங்கியாறேன். இங்க ஒரு ஈ காக்கா வராது. கதவ சாத்திக்கோ. துப்பட்டாவ அந்த ஆணில மாட்டு. பத்து வாட்டி இழு. வளையத்தத் தொடாத."

கடைசி முறை இறக்கியபோது வளையம் இருபத்தாறரையில் நின்றது.

டீயோடு வந்தவர் அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க அளவெடுத்த? கடையிலயா?"

சென்னையில் ஒரு கடையில். சனிக்கிழமை சாயங்காலம். பின்னால் ஆறேழு பையன்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். முழுதாக இழுத்தால் நெஞ்சு முன்னால் வரும், முழங்கை பின்னால் போகும், துப்பட்டா விலகும். சின்ன வயதிலிருந்து கூட்டத்தில் தோளைச் சுருக்கி நின்றே பழக்கம். பாதியில் நின்றேன். கடைக்காரர் அதையே அளந்து, ஒரு அங்குலம் கூட்டி, ஒரு டஜன் அம்பையும் இருபத்தாறு அங்குலத்துக்கு வெட்டிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. நான் இழுத்ததைத்தான் அளந்தார். பிறகு அந்த அம்புக்கு ஏற்ற இடத்தில் கிளிக்கர் வந்தது. கிளிக்கர் அடித்த இடத்தில் விட்டேன். இரண்டு வருடம் யாருமே இல்லாத மைதானத்திலும் அந்தப் பையன்கள் பின்னால் நிற்பதுபோலவே எய்திருக்கிறேன்.

"எல்லா பொண்ணுங்களும் பண்றதுதான்," என்றார் அக்கா. "நான் ஒண்ணு, நீ ஒண்ணு. என் பிரெண்டு ஒருத்தி குனிஞ்சிகினே நேஷனல் வரைக்கும் போனா, அப்பால கை தூக்க முடியல அவளால. வில்லுல முப்பத்திநாலு பவுண்டுன்னு போட்டுக்கீது. நீ இழுக்கறது முப்பத்தியொண்ணுதான் வரும். கட்டையா வெட்டின அம்பு வேற. வெறப்பாதான் இருக்கும், இடதாலதான் போவும்."

"முழுசா இழுத்தா சரியாயிடுமா?"

"அம்பு எங்க கீது? நீ முழுசா இழுத்தா முனை உள்ள வந்து கீழ வுழுந்துடும். அப்பிடியே வுட்டன்னு வை, கையில ஏறிடும்."

புது அம்பு வடக்கிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். விடுதி அம்புகள் கனமானவை, தேர்வில் எய்ய வேண்டிய எழுபது மீட்டர் போய்ச் சேராது. மீதி இருந்தது இரண்டே வழி. இப்போதிருக்கிற குறைந்த இழுப்புக்கே வில்லைச் சீர்செய்து தேர்வில் நிற்கலாம். அல்லது அம்புகளை மூட்டைகட்டிவிட்டு, தேர்வை விட்டுவிட்டு, முழு இழுப்பை முதலிலிருந்து பழகலாம்.

"ரெண்டும் சேத்துப் பண்ண முடியாதா?"

"வில்லு ஒரு அளவுக்குத்தான் கேக்கும். நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ தோத்தன்னா நாளைக்கி என்னத்தான் திட்டுவ."

தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. பழைய அளவுக்கே செய்யுங்கள் என்றேன். அவர் கிளிக்கரைப் பழைய இடத்திலேயே மாட்டி, அம்புகளின் முனையில் கனமான இரும்பு மாட்டினார். முனை கனத்தால் அம்பு கூடுதலாக வளையும், விறைப்புக் குறைந்ததுபோல் ஆகும். நாணை ஆறு சுற்று முறுக்கினார். அம்பு சாயும் பக்கவாட்டுப் பொத்தானின் சுருள்கம்பியைத் தளர்த்தினார். இரண்டு மணி நேரத்தில் இறகில்லாத அம்பு இறகுள்ள அம்புகளின் பக்கத்திலேயே குத்தியது. இரண்டு வருடத்தில் பார்க்காத காட்சி. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தப்பான அளவுக்கு எல்லாம் மிகச் சரியாக அமைந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

கூலி வாங்க மறுத்தார். மாலை நான்கரைக்கு மாமல்லபுரத்தில் வண்டி ஏறினேன். நின்றுகொண்டே வந்தேன்.

தேர்வு நாளில் மழை இல்லை. முதல் மூன்று சுற்றில் அம்புகள் நடுவிலேயே விழுந்தன. பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. நான்காவது சுற்றில் கிளிக்கர் அடித்த பிறகும் என் கை நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போனது. முனை உள்ளே வந்து அம்பு வில்லின் பிடிமேல் விழுந்தது. இறக்கி, எடுத்து, மறுபடி இழுத்தேன். மறுபடியும் விழுந்தது. பழைய இடத்தில் நில் என்று உடம்பிடம் சொல்லிப் பார்த்தேன். எட்டு நாளுக்கு முன்பு, சாத்திய கொட்டகைக்குள் பத்து முறை போய் வந்த இடம் அதற்குத் தெரிந்துவிட்டது. நேரம் முடிந்து மணி அடித்தபோது என்னிடம் எய்யாத அம்பு மூன்று இருந்தன. எய்யாததற்குச் சுழியம். அடுத்த சுற்றிலும் அப்படியே. அணியில் நான் இல்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா அக்காவுக்குச் செய்தி அனுப்பாமல் போன் செய்தேன்.

"எவ்ளோ வந்துச்சு?"

சொன்னேன்.

"மத்த பாயிண்டு எங்க போச்சு?"

"கை நிக்கலக்கா. முழுசா இழுத்துடுச்சு."

"அவ்ளோ பேர் பாத்துகினு இருக்கும்போதா?"

"ஆமா."

"அப்ப அந்த அம்ப இனிமே தொடாத," என்றார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. விருந்தினர் வந்துவிட்டார் என்று வைத்துவிட்டார்.

புது அம்புக்கு இன்னும் சொல்லவில்லை. ஷிஃப்ட் நேரங்கள் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன். அது சாக்குதான் என்றும் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் பெட்டிக்கு உறை வேண்டும், இறகு நனைந்தால் சோதனையே தப்பாகும். உங்கள் அம்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், நல்லதை மட்டும் அல்ல. வில்லில் எழுதியிருக்கும் எடையை நம்பி அம்பு வாங்காதீர்கள். உங்கள் இழுப்பில் அது எவ்வளவு வருகிறது என்று அளந்து வாங்குங்கள். முதல் டஜனை இரண்டு அங்குலம் நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். அளவெடுக்கும்போது பின்னால் ஆட்கள் நின்றால், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்லிவிடுங்கள். சத்தமாகச் சொல்ல வராவிட்டால் அன்று அளவு கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். பேருந்துக் காசு மட்டும்தான் நஷ்டம்.