ஐயாயிரத்துக்கு ஒன்று குறைவு

எங்கள் ஊர் கெட்டில் பெண்டில் ஆர்டன் கிம்மலிடம் முடி வெட்டிக்கொள்ள அவசரத்தில் போகக் கூடாது. கழுத்தில் துணியைக் கட்டியதும் ஊர் வரலாறு ஆரம்பமாகிவிடும். ஒஹாயோ ஆற்றில் வந்த படகு மணல் திட்டில் தட்டியதால் உண்டான ஊர் இது. அதில் வந்தவர்கள் போக நினைத்தது வேறெங்கோ. பிறகு மலையடிவாரத்தில் களிமண் கிடைத்தது, சூளைகள் எழும்பின, பாதி அமெரிக்கா எங்கள் தட்டில் சாப்பிட்டது. ஒரு காலத்தில் பதினாலாயிரம் பேர். அந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் கத்தரிக்கோல் நின்றுவிடும். முப்பத்தாறாம் வருட வெள்ளம் கடைச் சுவரில் விட்டுப்போன கறைமேல் இன்றுவரை வெள்ளையடிக்க விட்டதில்லை மனிதர்.

எதிரே பேக்கரி வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் மனப்பாடம். கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் ஊரின் மக்கள்தொகை. குழந்தை பிறந்தால் கூட்டுவார். யாராவது செத்தாலோ, பிழைப்புக்காகக் கொலம்பஸ் நகரத்துக்குக் குடிபோனாலோ கழிப்பார். சூளைகள் மூடிய பிறகு கழித்தல்தான் அதிகம். மனைவியை அடக்கம் செய்த அன்றும் நேராகக் கடைக்கு வந்து, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். என் கடை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் அன்று அழுதேன்.

ஒஹாயோவில் ஐயாயிரம் பேர் இருந்தால்தான் நகரம். குறைந்தால் கிராமம். அக்கரையிலிருக்கும் மேற்கு வர்ஜீனியாக்காரர்கள் எங்களைக் கேலி செய்ய அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார்கள். இரண்டாயிரத்துப் பத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏப்ரல் முதல் தேதி யார் எங்கே குடியிருக்கிறாரோ அவர் அந்த ஊர்க் கணக்கு. பிப்ரவரியில் ஆர்டனின் பலகை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றது.

அதே வாரத்தில்தான் ஆர்டன், லியோட்டா ஸ்வோப்பிடம் கல்யாணப் பேச்சை எடுத்திருந்தார். லியோட்டா அக்கரை, பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள். அதற்கு முந்தைய வருடத் தவக்காலத்தில், எங்கள் தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை தோறும் போடும் மீன் விருந்துக்கு வந்து, “இந்த முட்டைக்கோஸ் சாலட்ல யாரு சர்க்கரையக் கொட்டினது?” என்று சத்தமாகக் கேட்டாள். கொட்டியது ஆர்டன். அன்று ஒட்டியவர்கள்தான்.

விஷயம் தெரிந்ததும் மேயர் லவல் பிரைஸ் கடைக்கே வந்துவிட்டார்.

“ஏம்ப்பா ஆர்டன், மார்ச்சுக்குள்ள கட்டிக் கூட்டியாந்துடேன். ஐயாயிரம் ஆயிடும்ல.”

“அவங்க என்ன மாவு மூட்டையா, தூக்கிட்டு வர?”

“மூட்டையா இருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேன்.”

அந்த வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கிறவன் முதல் பாதிரியார் வரை எல்லோரும் லியோட்டாவிடம், “எப்ப வர்றீங்க?” என்றார்கள். அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு ஆர்டனைப் பார்த்தாள்.

“என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டது நீங்களா, இல்ல முனிசிபாலிட்டியா?”

எல்லோரும் சிரித்தோம். ஆர்டன் மட்டும் சிரிக்கவில்லை. லியோட்டா பாதி மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அடுத்த வெள்ளியும் வரவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஆர்டனுக்கு வேலையில் கை ஓடவில்லை. மேயரின் காதில் கத்தரிக்கோல் பட்டு ரத்தம் வந்தது. வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசி ஞாயிறு ஆர்டன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்து போனார். திரும்பியபோது முகத்தில் தெளிவு இருந்தது, வாயைத்தான் திறக்கவில்லை. ஏப்ரல் முதல் தேதி மேயர் பொழுதுக்கும் பாலத்தடியில் நின்றார். யாரும் வரவில்லை.

மறுநாள் புனித வெள்ளி. காலையில் அக்கரை நீதிபதி முன்னால் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மதியம் இருவரும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். புனித வெள்ளியில் கல்யாணமா என்று முகம் சுளித்தேன். ஆனாலும் கேக் செய்து கொடுத்தேன். ஆர்டன் பலகையில் ஒன்றைக் கூட்டினார். ஒரு நாள் பிந்திய ஐயாயிரம்.

அடுத்த மார்ச்சில் அரசாங்கத்தின் எண்ணிக்கை வந்தது. ஒரே ஒரு ஆள் குறைவு. நாங்கள் கிராமம். அக்கரைக்காரர்கள் போன் செய்து, “மாடு கன்னெல்லாம் சௌக்கியமா?” என்று விசாரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேயருக்குப் பின்னாலேயே நானும் ஆர்டன் கடைக்குள் நுழைந்தேன். ஆர்டனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த லியோட்டா அங்கேதான் இருந்தாள்.

“ஒரே ஒரு நாள்ம்மா,” என்றார் மேயர். “ஒரு நாள் முன்னாடி பாலத்தத் தாண்டியிருக்கக் கூடாதா?”

“வீம்பு. வேற என்ன?” என்றேன் நான்.

 துடைத்துக்கொண்டிருந்த கத்தரிக்கோலை ஆர்டன் கீழே வைத்தார்.

“அவள விடுங்க. முப்பத்தொண்ணாந் தேதியே வரேன்னு கிளம்பி நின்னா. நான்தான் ரெண்டாந் தேதி வான்னு சொன்னேன்.”

“நீயா?” என்றார் மேயர். “இந்தப் பலகைய வச்சிக்கிட்டு நீயா?”

“ஒண்ணாந் தேதிக்குள்ள வந்திருந்தா, கணக்குக்குத்தான் கூப்பிட்டேனோன்னு சாகற வரைக்கும் அவ மனசுல ஒரு ஓரத்துல இருந்திருக்கும், லவல். எனக்கு அது வேணாம்.”

மேயர் பலகையைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

“சரி, வெட்டு. காது பத்திரம்.”

ஆர்டன் துணியைக் கட்டினார். “அந்தப் படகு இருக்கே,” என்று ஆரம்பித்தார்.

“அவங்க போக நினைச்சது வேற எங்கயோ,” என்று லியோட்டா முடித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.